பூப்புழுவும் வெர்னாவின் கல்யாணமும்

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில்தான் வெர்னா டாலிவர் பூவுக்குள் புழுவைப் பார்த்தாள்.

மூடுபனி இன்னும் மலையை விட்டு விலகவில்லை. காபிக் கோப்பையோடு தோட்டத்தைச் சுற்றி வந்தவள், நல்ல பச்சைப் பூக்கதிர் ஒன்றின் நடுவே ஒரே ஒரு இலை மட்டும் கருகி நிற்பதைக் கண்டாள். லேசாக இழுத்தாள். இலை கையோடு வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் மிளகுத்தூள் தூவினாற்போல எச்சம். கதிரைப் பிளந்தால், உள்ளே பச்சைப் புழு ஒன்று சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது.

"அடப்பாவி, விருந்துக்கு இப்பவே வந்துட்டியா?" என்றாள்.

அடுத்த செடியிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

வெர்னாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. மெண்டோசினோ மலைப்பாதைகளில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியே காலம் போனவள். திரும்பிப் பார்க்காமலே கடைசி சீட்டுச் சண்டையை அடக்கும் குரல். முதல் புருஷன் ராய் இருந்த காலத்தில் கஞ்சாச் செடிகளை மரங்களுக்கு நடுவே ஒளித்து வளர்த்தார்கள். போலீஸ் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓட்டம்தான். ராய் போய்ச் சேர்ந்தான், சட்டம் மாறியது, லைசென்ஸ் வந்தது, செடிகள் வெயிலுக்கு வந்தன. அவளுடைய பிடிவாதம் மட்டும் மாறவில்லை. பூ விட்ட பிறகு செடிமேல் எதையும் தெளிக்க விடமாட்டாள். வேப்பெண்ணெய்கூடக் கிடையாது, அந்த நெடி பூவிலேயே தங்கிவிடும். "யாரோ ஒருத்தி மூட்டுவலி தாங்காம இதை இழுக்கப்போறா. அவ நெஞ்சுக்குள்ள என்ன போகுதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?" என்பாள். பூக்கிறதுக்கு முன்னால், புழுவின் வயிற்றை மட்டும் கெடுக்கிற நுண்ணுயிர் மருந்து. அப்புறம் பூச்சிக்குப் பூச்சிதான் காவல்.

அந்தக் காவல்காரர்களைக் கொண்டுவந்து கொடுத்தவன்தான் கஸ் அமரால். மலையடிவாரத்தில் ஒரு கொட்டகையில் பூச்சி வளர்க்கிறான்: அசுவினியை மேயும் பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதைக் கருவிலேயே தீர்த்துவிடும் பொடிக் குளவி. குளவி மட்டும் செடியில் தொங்கவிடும் காகித அட்டையில் ஒட்டி வரும். ஒவ்வொரு தடவையும் வெர்னா கேட்டதைவிட ஒரு பெட்டி கூடவே இருக்கும். "கை தவறி வந்துடுச்சு" என்பான். ஒரு கோடை முழுக்கக் கை தவறிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவள்தான், "கஸ், பொறிவண்டு போதும். உள்ள வந்து ஒரு வாய் சாப்பிடு" என்றாள்.

இப்போது கஸ் வீட்டு முற்றத்தில் கல்யாண மேடைக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தான். வெர்னா உள்ளங்கையில் புழுவை ஏந்திக்கொண்டு போய் நின்றாள்.

"குளவி அட்டையை எப்ப தொங்கவிட்ட?"

சுத்தியல் நின்றது. வாயில் இருந்த ஆணியை மெதுவாக எடுத்தான்.

"அது வந்து... மேடை வேலை..."

"தொங்கவிடவே இல்ல."

"மறந்துட்டேன், வெர்னா."

"பூச்சி வளர்க்கறவனே பூச்சியை மறந்துட்டானாம்! பக்கத்துல சோளம் அறுத்ததும் அந்துப்பூச்சியெல்லாம் இங்கதான் படையெடுக்கும்னு யாரு சொன்னது?"

"நான்தான்."

"சொல்லிட்டு எங்க போன?"

கஸ் சுத்தியலைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். "டான்ஸ் கத்துக்கப் போனேன். டவுன்ல ஒரு அம்மா சொல்லித் தர்றாங்க. உனக்குத் தெரியாம ஆடிக் காட்டணும்னு..."

வெர்னா நல்ல வசவாக ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். அது பாதியிலேயே சிரிப்பாக மாறிவிட்டது. அந்தப் பெரிய பூட்ஸ் கால்களை அவள் பார்த்தாள், மறுபடி சிரித்தாள்.

சிரித்தாலும் புழு போய்விடுமா? குளவி முட்டையைத்தான் தீர்க்கும், பொரிந்து உள்ளே புகுந்ததை ஒன்றும் செய்யாது. மருந்து அத்தனை ஆழம் இறங்காது. நெருக்கமான பூ நனைந்தால் பூசணம்தான் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மழை என்று வேறு ரேடியோ சொல்கிறது. புழு தின்ற இடத்தில் மழை ஈரமும் சேர்ந்தால் கதிர் உள்ளேயே அழுகும். கதிர் கதிராக விரித்துக் கையால் பொறுக்க வேண்டியதுதான். இரண்டு பேரால் ஆகிற காரியமா அது?

"கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுடலாமா?" என்றாள்.

"வர்றவங்க எல்லாருக்கும் கை இருக்கே."

"நல்ல துணி உடுத்திட்டு வர்றவங்களைப் புழு பொறுக்கச் சொல்றதா? மானம் போயிடும், கஸ்."

மறுநாள் கஸ்ஸின் அக்கா ஒடெட் வந்து இறங்கினாள். பள்ளத்தாக்கில் தக்காளி விவசாயம் பண்ணும் போர்த்துகீசியக் குடும்பம், ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பூசை. இனிப்பு ரொட்டிகளைத் துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். வெர்னாவின் கன்னத்தில் முத்தமிட்டாள், முறையாகத்தான். பிறகு தோட்டத்து வேலியைப் பார்த்து மூக்கைச் சுருக்கினாள்.

"தப்பா எடுத்துக்காதம்மா. உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அந்த வேலிக்குள்ள நான் கால் வைக்கமாட்டேன்."

"உங்க இஷ்டம், ஒடெட். நாற்காலி இங்க நிழல்லயே போட்டிருக்கேன்."

சனிக்கிழமை காலை. கல்யாண உடை கதவில் தொங்க, வெர்னா பழைய சட்டையோடு செடிகளுக்கு நடுவே நின்றாள். நேற்றெல்லாம் கல்யாண வேலையிலேயே போய்விட்டது; விடிந்ததிலிருந்து பொறுக்கியும் இரண்டு வரிசைகூட முடியவில்லை. ஒடெட் வேலிக்கு வெளியே இருந்து குரல் கொடுத்தாள்.

"கல்யாணப் பொண்ணு முகம்கூடக் கழுவாம அங்க என்னம்மா பண்ற?"

"புழு பொறுக்கறேன்."

"என்ன புழு?"

வெர்னா வேலிக்கு மேலே கையை நீட்டினாள். ஒடெட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். முகம் சிவந்தது.

"இந்தத் திருட்டுப்பயலா! எங்கப்பா தக்காளியில பாதியைத் தின்னு தீர்த்தவன் இவன்தான்! சோளத்துல இருப்பான், தக்காளியில இருப்பான், இங்கயும் வந்துட்டானா? கதவு எங்க இருக்கு?"

"நீங்கதான் கால் வைக்கமாட்டேன்னு..."

"அது நேத்து."

ஒடெட்டின் பட்டுக் கையுறைகள் கைப்பைக்குள் போயின. புழுவைப் பிடித்த வேகத்துக்கு வெர்னாவால் ஈடுகொடுக்க முடியவில்லை. பிடித்ததையெல்லாம் ஊறுகாய் ஜாடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் போர்த்துகீசிய மொழியில் ஒரு வசவு.

விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். பெரும்பாலும் வெர்னாவின் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவர்கள். இப்போது தலை நரைத்தும் தொப்பை விழுந்தும் டை கட்டி வந்தார்கள். மணப்பெண்ணும் நாத்தனாரும் செடிக்குள் நிற்பதைப் பார்த்து வேலியோரம் தயங்கினார்கள். உதவி கேட்க வெர்னாவுக்கு வெட்கமாக இருந்தது. ஒடெட்தான் கத்தினாள்: "என்ன வேடிக்கை? கோட்டைக் கழட்டிட்டு உள்ள வாங்க!"

தபதபவென்று எல்லாரும் ஒரே வாசலில் முட்டினார்கள். அவ்வளவுதான், வெர்னாவுக்குப் பழைய குரல் வந்துவிட்டது.

"தள்ளக்கூடாது! வரிசையா! பின்சீட்டுக்காரங்க எல்லாம் கடைசி வரிசைச் செடிக்குப் போங்க! கருகின இலை தெரிஞ்சா இழு, கையோட வந்தா உள்ள ஆள் இருக்கான். பூவை நசுக்கினா இறக்கி விட்டுடுவேன்!"

எல்லாரும் வரிசை வரிசையாகப் பிரிந்து போனார்கள். அந்தக் குரலுக்கு உட்கார்ந்து பழகிய உடம்புகள்.

அவர்களில் ஒருவனான டேல் குவிக்லி டியூட்டியிலிருந்து நேராக வந்திருந்தான். போலீஸ் சீருடையும் பேட்ஜுமாக, முழங்கால் போட்டு, கீழ்க்கிளையைத் துழாவிக்கொண்டிருந்தான். வெர்னா அவன் தோளைத் தட்டினாள்.

"அந்தக் காலத்துல உங்கப்பா போலீஸா இந்தச் செடியைப் பிடுங்க வந்தாரு. நீ புழுவைப் பிடுங்க வந்திருக்க."

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க, மிஸ் வெர்னா. சிரிச்சே உயிர் போயிடும் அவருக்கு" என்றான் டேல்.

கஸ் ஓடி ஓடி ஜாடிகளை வாங்கிக் கோழிக்கூட்டில் கொட்டினான். கோழிகள் அன்றைக்கு ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு விருந்து சாப்பிட்டன. அழுகத் தொடங்கிய கதிர்களை வெர்னா தானே வெட்டி வாளியில் போட்டாள். மத்தியானம் தாண்டி, கடைசி வரிசையிலிருந்து யாரோ "முடிஞ்சுது!" என்று கூவியபோது, தோட்டம் முழுக்கக் கைதட்டல். கைதட்டிய கைகள் ஒட்டிக்கொண்டன. அத்தனை பேர் விரலிலும் பூவின் பிசின்.

அதனால் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சடங்கு கூடிவிட்டது. ஒடெட் ஆலிவ் எண்ணெய்க் குப்பியோடு சுற்றி வந்தாள். ஊரே வரிசையில் நின்று எண்ணெய் தேய்த்துக் கை கழுவியது. வெர்னா அவசரமாக உடையை மாட்டிக்கொண்டு வந்தாள், தலையில் ஒரு இலை சொருகியபடியே. யாரும் சொல்லவில்லை. எண்ணெய் விரலில் மோதிரம் வழுக்கிக்கொண்டு ஏறியது.

சாயங்காலம் கஸ் மேடையில் அவளைச் சுற்றி ஆடினான். உதடு அசைய "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டே ஆடினான். மூணு வரும்போதெல்லாம் அவள் காலை மிதித்தான்.

"அந்த அம்மா இதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்களா?"

"அவங்க காலை எடுத்துக்குவாங்க, வெர்னா. நீதான் எடுக்க மாட்டேங்கற."

ஞாயிறு மழை சொன்னபடியே வந்தது. சில கிளைகள் போயின, அது எந்த வருஷமும் போவதுதான். மிச்சமெல்லாம் கெட்டியாக நின்று, அக்டோபரில் சுத்தமாக அறுவடையானது. அறுவடை முடிந்த வாரம் ஒடெட் போன் பண்ணினாள். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வெர்னா, எனக்கும் முழங்கால் ஒரு மாசமா படுத்துது. நீ அந்தப் பூவுல ஏதோ தைலம் பண்ணுவியாமே?"

"அனுப்பட்டுமா?"

"அனுப்பாத. பாதிரியார் வீட்டுப் பக்கத்துலதான் தபால் பெட்டி இருக்கு. நானே வந்து வாங்கிக்கறேன்."