குழாய்க்காரர் தொட்ட குழாய்

இல்லல்ல, குழாய் இப்ப ஒழுகல, தண்ணி நல்லாத்தான் வருது. நான் தாத்தாவாகி இருபது நாளாச்சு, பேத்திய என் ரூம்லதான் குளிப்பாட்டுறோம். அந்தக் குழாய சரி பண்ணது பக்கத்து ரூம் அண்ணன். நாப்பது வருசம் குழாய் வேலை பார்த்தவரு. வயசானவங்களுக்குக் குறைஞ்ச வாடகைக்கு விடுற கட்டடம் இது. ஒழுகுதுன்னு ஆபீஸ்ல அஞ்சு மனு குடுத்தேன், கிணத்துல போட்ட கல்லாட்டம் கிடந்துச்சு. "மனு எழுதுற நேரத்துல குழாய் வாஷர மாத்திரலாம் தம்பி"ன்னு சிரிச்சிட்டே வந்தவரு, அரை மணியில முடிச்சிட்டாரு.

பேத்தி வந்த சந்தோசத்துல வாய் சும்மா இருக்குமா? மேனேஜர்கிட்டயே போயி, "உங்க ஆளு வராட்டி என்ன, எங்க அண்ணன் பண்ணிட்டாரு"ன்னு பெருமையா சொல்லிட்டேன். தவளை தன் வாயால கெடும்பாங்க, இங்க என் வாயால அவரு கெட்டாரு. கட்டடத்துக் குழாய வாடகைக்கு இருக்கறவங்க தொடக்கூடாதாம். மாசக் கடைசிக்குள்ள ரூம காலி பண்ணச் சொல்லி அவருக்கு நோட்டீஸ் வந்துருச்சு. நான்தான் கூப்பிட்டேன்னு ஆபீஸ்ல போய் நின்னேன், யாரும் காதுல வாங்கல. பிள்ளகுட்டி இல்லாத மனுசன், போக்கிடம் கிடையாது.

இன்னைக்குக் காலையில ஸ்பேனரையெல்லாம் சாக்குல போட்டுக் கட்டிட்டே சொன்னாரு: "இனி ஒழுகுனா தொடாத தம்பி. பக்கெட்ட வச்சிட்டு மனு எழுதிப் போடு. உனக்காவது ரூம் மிஞ்சும்."