சௌரவ்தாவுக்காகக் காத்திருக்கும் என் லீவு

நாளை மறுநாள் ஊரில் அம்மாவுக்கு ஆபரேஷன். இன்று ஹவுராவில் ரயில். லீவு மட்டும் கிடைக்கவில்லை.

எங்கள் கிடர்பூர் ஆபீஸில் லீவு தருவது சாப்ட்வேர்தான். என் விண்ணப்பம் பழைய டீம் லீடர் சௌரவ்தாவின் ஒப்புதலுக்குக் காத்திருப்பதாகக் காலையிலிருந்து காட்டுகிறது. சௌரவ்தா வேலையை விட்டுப் போய்ப் பல மாதம் ஆகிறது. (இங்கே பெயரோடு 'தா' சேர்த்தால் அண்ணன், 'தி' சேர்த்தால் அக்கா.)

பக்கத்து சீட் மௌஷுமிதி, "சௌரவுக்கே போன் போடு. பாவம், சந்தோஷப்படுவான்" என்றார்.

யாரிடமும் பேசத் தயங்கும் நான், அந்த சாப்ட்வேரை வாங்கிய மேனேஜரின் அறைக்கே போய்விட்டேன்.

"சார், ஒப்புதல் தருபவர் பெயரை மாற்ற வழியே இல்லை. நீங்களே ஒருமுறை இதில் லீவு போட்டுப் பாருங்களேன்."

"நான் எதுக்கும்மா? என் லீவையெல்லாம் செக்ரட்டரி பார்த்துக்குவாங்க. டெமோவில நல்லாத்தானே இருந்தது?"

"அப்ப நான் போகலாமா சார்?"

"தாராளமா போ. ஆனா சிஸ்டத்தில் ஏறலைன்னா ஆப்சென்ட்தான். நீ இன்னும் ப்ரொபேஷன், பார்த்துக்கோ."

வாங்குவதற்கு முன் ஒரே ஒரு நாள் அவரே பயன்படுத்திப் பார்த்திருந்தால், இதை வாங்கியே இருக்க மாட்டார்.

ஹவுரா பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் நான். திரும்பி வரும்போது வேலை இருக்குமா தெரியவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை.

மேனேஜர் தன் லீவைத் தானே போட்டுக்கொள்ளும் ஆபீஸ் எங்காவது இருந்தால் சொல்லுங்கள். பஸ்ஸிலிருந்தே ரெஸ்யூமே அனுப்புகிறேன்.