இரட்டைநாடி சரீரம்

என் சித்தி யாரையும் குண்டு என்று சொல்ல மாட்டாள். ஒல்லி என்றும் சொல்ல மாட்டாள். ரொம்ப நல்ல மனசு என்று நினைத்துவிட வேண்டாம். போகிற வருகிறவர்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதில் அவளை மிஞ்ச மயிலாப்பூரில் ஆள் கிடையாது. அந்த இரண்டு சொல்லும் அவளுக்குப் போதவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவின் தங்கை அவள். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்தாள். பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சாயங்காலம் நான் வேளச்சேரியில் ரயிலேறித் திருமயிலையில் இறங்கினால், காய் வாங்க வந்த சாக்கில் மாட வீதியில் எனக்காக நிற்பாள். வீடு போய்ச் சேருகிற வரைக்கும் வர்ணனை நடக்கும். எதிரே ஒரு பெண் வந்தால், "பூசினாப்ல எவ்வளவு நன்னா இருக்கா பாரு" என்பாள். தேங்காய் மூட்டையை இறக்குகிறவரைப் பார்த்து, "என்ன ஓங்குதாங்கான ஆகிருதிடி!" கோயில் வாசலில் பூத்தொடுக்கிற மெலிந்த பெண் அவளுக்கு "ஒடிசல், கொடியாட்டம்". அவள் சொன்ன பிறகு நான் திரும்பிப் பார்ப்பேன். ஒரு நிமிஷம் முன்னால் என் கண்ணில் படாத அழகு அங்கே நின்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

எனக்கு ஆபீஸில் 'சப்பி' என்று பெயர், கொழுகொழு என்று அர்த்தம். செல்லமாகத்தானாம். அடையாற்றில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். முதல் நாளே ஓர் இயந்திரத்தில் ஏற்றி நிறுத்தி, என் உடம்பில் எங்கெங்கே எவ்வளவு வேண்டாதது என்று படம் போட்டுக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்து சித்தியிடம் அழாத குறையாகச் சொன்னேன். "வாளிப்பான உடம்புடி உனக்கு. படம் வேற போட்டானா? திருஷ்டி பட்டுடப் போறது" என்றாள். மறுநாள் காலை லிஃப்ட் கண்ணாடியில் கொஞ்ச நேரம் கூடுதலாகவே என்னைப் பார்த்துக்கொண்டேன். வாளிப்பு என்ற சொல்லோடு பார்த்தபோது எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

தன்னைப் பற்றிச் சொல்லும்போது, "நான் ரெட்டைநாடி சரீரம்" என்பாள். பழைய வார்த்தை. நல்ல உயரம், அகன்ற தோள், கனத்த கைகள், யாருக்கும் ஒதுங்கிப் போகாத நடை. இரண்டு பேருக்கான உயிர் ஓர் உடம்பில் ஓடுகிறது என்று நான் அர்த்தம் செய்துகொண்டேன். பட்டுக் கட்டிக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றால் எங்கள் சின்ன ஃப்ளாட்டுக்கே ஒரு களை வரும்.

ஆனால் அவளுடைய இருபதுகளில் பெண் பார்க்க வந்தவர்களுக்கு அந்த வார்த்தை தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பிடிக்கவில்லை. காப்பித் தட்டோடு அவள் கூடத்துக்குள் வரும்போது எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்களாம். உடனே அவர்கள் முகம் விழுமாம். 'பொண்ணு கொஞ்சம் தாட்டி' என்ற தகவல் அப்புறம் யார் மூலமாகவாவது நிதானமாக வந்து சேரும். ஒருநாள் சித்தி, "இனிமே யாரும் என்னைப் பாக்க வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

போன வருஷம் உறவுக்காரர் ஒருவர் அதை மறுபடி எடுத்தார். நங்கநல்லூரில் ஒருவர், ரயில்வேயில் வேலை, மனைவி தவறிவிட்டார், குழந்தைகள் இல்லை. சித்தி மாட்டேன் என்பாள் என்றுதான் நினைத்தோம். "பேசிப் பாக்கறேனே" என்றாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவே அவருக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். பிறகு இருவரும் போனில் பேச ஆரம்பித்தார்கள். மோர்க்குழம்பில் தொடங்கி முக்கோணவியல் வரை போகும். பால்கனியிலிருந்து சித்தியின் சிரிப்புச் சத்தம் கேட்கும். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்ப்பதாக முடிவானது.

அதற்கு இரண்டு நாள் முன்னால் போனை வைத்துவிட்டு உள்ளே வந்தவளின் முகம் சரியாக இல்லை.

"அக்கா, எந்த போட்டோவை அனுப்பினே? 'ரொம்ப இளைச்சிருக்கேளே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே'ன்னு கேக்கறார்."

அம்மா தன் போனில் அந்தப் படத்தை எடுத்துக் காட்டினாள். என் தம்பியின் பூணூலுக்கு எடுத்த படம் அது. அப்போதுதான் சித்தி மஞ்சள்காமாலையில் கிடந்து எழுந்திருந்தாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், தொளதொளத்த ரவிக்கையை ஊக்குப் போட்டுப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் மெலிந்து தெரிகிற ஒரே படம் என்று அம்மா அதைத் தேடிப் பிடித்திருக்கிறாள். கல்யாணத்துக்கு வியாதிப் படத்தை அனுப்புகிற கெட்டிக்காரத்தனம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

சித்தி கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "நிமிர்ந்து பாக்கறச்சே அவர் முகம் விழும். மத்தவா முகமெல்லாம் விழுந்தது, போகட்டும். இவர் முகம் விழறதை என்னால பாக்க முடியாது" என்றாள். அவளுக்கு அவரை எவ்வளவு பிடித்திருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பலாம் என்றேன். கறுப்புப் புடவை, கொஞ்சம் மேலேயிருந்து எடுத்தால் ஒல்லியாகத் தெரியும் என்று என் வித்தையையெல்லாம் சொன்னேன். "படமே வேண்டாம். நானே சொல்லிடறேன்" என்று எங்கள் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டு அவரைக் கூப்பிட்டாள்.

"அந்தப் படம் காமாலையில படுத்து எழுந்தப்போ எடுத்தது. நான் ரெட்டைநாடி சரீரம். பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். அகலத் தோள், கை கனம். பட்டுப்புடவை நன்னா நிக்கும். தெரிஞ்சுண்டு வாங்கோ."

மன்னிப்புக் கேட்கிற தொனி கொஞ்சமும் இல்லை. வகுப்பில் தேற்றத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். எழுந்து கைதட்டலாம் போல் இருந்தது எனக்கு. ஆனால் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அப்புறம், "சரி, ஞாயித்துக்கிழமை பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

"முகம் போன்லயே விழுந்துடுத்து" என்றாள் சித்தி. இருந்தாலும் வருவதாகச் சொன்ன வாக்கை அவள் மாற்றவில்லை.

கோயில் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல். அம்மா குற்ற உணர்ச்சியில் வீட்டிலேயே தங்கிவிட, நான்தான் துணைக்குப் போனேன். சித்தி மாம்பழ மஞ்சள் பட்டு கட்டியிருந்தாள், நல்ல அகலமான அரக்குக் கரை போட்டது. எதையும் மறைக்கிற உத்தேசம் அவளுக்கு இல்லை. அவர் முன்னாலேயே வந்து மூலை மேஜையில் காத்திருந்தார். நன்றாகத் தேய்த்த சட்டை, ஆனால் காலர் கழுத்தைத் தொடாமல் விலகி நின்றது. எங்கள் காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். அந்த நொடியில் சித்தி தலையைக் குனிந்து தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். எந்தக் கூட்டத்திலும் அவள் தலைகுனிந்து நான் பார்த்ததில்லை.

அதனால் அவர் முகத்தை நான் மட்டும்தான் பார்த்தேன். அது விழவில்லை. இறுகிக் கிடந்தது மெல்லத் தளர்ந்து, கண் நிறைந்துவிட்டது. "அப்பாடா" என்றார், பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

சித்தி உட்காரும் வரைகூட அவரால் பொறுக்க முடியவில்லை.

"தப்பா நினைச்சுக்காதேங்கோ. என் ஆத்துக்காரி கடைசியில அந்த போட்டோவாட்டம்தான் ஆயிட்டா. கண்ணெதிர கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சா. இன்னொருத்தர் அப்படிக் கரையறதைப் பாக்க எனக்குத் தெம்பில்லே. வேண்டாம்னு சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீங்க ரெட்டைநாடின்னு சொன்னேளே, எனக்கு வார்த்தையே வரலை. வாயைத் திறந்தா அழுதிருப்பேன்."

சித்தி மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள். அவரைத் தலையிலிருந்து கால் வரை, அந்தத் தொளதொளத்த காலர் உட்பட, நிதானமாகப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் எதிரில் நிறைந்து உட்கார்ந்தாள்.

"நான் எங்கேயும் கரைஞ்சு போயிட மாட்டேன்" என்றாள். "உங்களைத்தான் தேத்தணும்."