செபியா சார் போட்ட பச்சை

அந்த ஸ்டூடியோவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் யாருமில்லை. செபியா என்றால் அவர்தான். கறுப்பு வெள்ளைப் படத்தைக் கணினியில் திறந்து, செபியா என்கிற பழுப்பை லேசாக ஏற்றி, போன வாரம் எடுத்த முகத்துக்கும் ஒரு பரம்பரைக் களை உண்டாக்கித் தருவது அவர் வேலை. மாடிப்படி ஏறி வருபவர்கள், "அந்த செபியா சார் இருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள்.

செபியா சாருக்குப் பழுப்பு தெரியாது. பச்சையும் தெரியாது. பிறந்ததிலிருந்தே இரண்டும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி, "கலர் வேலை வருமா?" என்று கேட்டபோது, "கறுப்பு வெள்ளைதான் சார் நமக்கு உயிர்" என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. பிறகு கறுப்பு வெள்ளைக்கே நிறமேற்றும் மோகம் வந்து தொலைத்தது. மனிதர் எண்ணைப் பிடித்துக்கொண்டார். மென்பொருளில் நிறத்துக்கு ஒரு பெட்டி, அடர்த்திக்கு ஒரு பெட்டி. நிறம் நாற்பது, அடர்த்தி பதினைந்து. கண்ணை நம்பி வேலை செய்தவர்கள் ஒருநாள் செங்கல்லாகவும் ஒருநாள் மஞ்சளாகவும் ஏற்றினார்கள். இவருடைய பழுப்பு மட்டும் நூல் பிசகாமல் ஒரே பழுப்பு. பேர் கிடைத்ததே அதனால்தான்.

விஷயம் தெரிந்தவர் மனைவி ஒருவர்தான். காலையில் அவர் எடுத்துவைக்கும் சட்டையைத்தான் இவர் போடுவார். "வெளிய தெரிஞ்சா அந்த நாற்காலி போச்சுடி. ஃபிரேமுக்கு ஆணி அடிக்க உக்கார வச்சிடுவாங்க" என்பார்.

"ஆணியாவது நேரா அடிப்பீங்களா?" என்பார் மனைவி.

ஒருநாள் ஒரு வக்கீலம்மா தாத்தா, அப்பா, தான் என்று மூன்று தலைமுறைப் படங்களை அலுவலகச் சுவரில் மாட்டக் கேட்டிருந்தார். செபியா நிறப் பெட்டியில் நாற்பது என்று அடிக்கும்போது மனைவியிடமிருந்து போன். வீட்டுக் குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சுகிறதாம். பெட்டியில் ஏற்கெனவே இருந்த எண்ணில் ஒன்று என்ற இலக்கம் அழியாமல் முன்னால் நின்றுவிட்டது. நாற்பது நூற்று நாற்பதாயிற்று. மூன்று படத்தின் பழுப்பும் பச்சையாயிற்று. அவர் பார்த்தார், எப்போதும்போல் அழகாகத்தான் இருந்தது. படங்களைக் கட்டிவைத்த கவுன்டர் பெண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும், செபியா சார் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று கட்டிவிட்டாள்.

வக்கீலம்மா வந்து பிரித்தார். முதலாளியின் முகம் செத்துப்போனது.

"என்னங்க இது? எங்கப்பா குளத்துக்கு அடியில உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு?"

செபியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வழக்கமாகச் சொல்வதையே சொன்னார். "அந்தக் காலத்து கம்பீரம் வரணும்னு செஞ்சது மேடம். பாக்கப் பாக்கப் பிடிக்கும்."

வக்கீலம்மா தள்ளி நின்று பார்த்தார். கிட்டே வந்து பார்த்தார். "உண்மைதான். கோர்ட்ல அப்பாவைப் பார்த்தா எதிர் வக்கீலுக்கு இப்படித்தான் வயித்தைக் கலக்கும்" என்று மூன்றையும் வாங்கிக்கொண்டு போனார்.

"யோவ், எல்லாரையும் பாசி பிடிக்க வச்சிருக்கியே! பச்சை போட்டா சொல்ல வேணாமா?" என்றார் முதலாளி.

பச்சை என்று செபியாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. "வேணும்னுதான் சார் போட்டேன்."

அதன்பின் வக்கீல்களெல்லாம் பச்சை கேட்டு வந்தார்கள். வக்கீல்களைப் பார்த்து டாக்டர்களும் வந்தார்கள். செபியா நூற்று நாற்பதை மனப்பாடம் செய்துகொண்டார். எல்லாம் சுமுகமாகப் போன நேரத்தில் முதலாளி வேறு கடைப் படம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

"பார்ட்டிக்கு இந்த ஷேடுதான் வேணுமாம். பக்கத்துல வச்சுப் பார்த்து அப்படியே கொண்டுவா. அவர் கீழ கார்ல இருக்கார்."

இதற்கு எண் கிடையாது. செபியா படத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"சார், என் கண்ணுக்குப் பச்சை தெரியாது. பழுப்பும் தெரியாது. இத்தனை நாளும் நம்பரை வச்சுத்தான் ஓட்டினேன்."

முதலாளி அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தார். "பச்சை தெரியாதவன் போட்டதையா ஊர்ல பாதி வக்கீல் மாட்டி வச்சிருக்கான்? அடுத்த கடைக்காரன் ஷேடைக் காப்பியடிக்கக் கூச்சமா இருக்குன்னு நேரா சொல்லேன். ரோஷம்யா உனக்கு!" படத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "சரி, பார்ட்டியை நான் சமாளிச்சுக்கறேன். உன்னை இந்தக் கறுப்பு வெள்ளையிலேயே முடக்கி வச்சது என் தப்பு. நாளையிலிருந்து கல்யாண ஆல்பம் எல்லாம் நீதான். பொண்ணோட புடவை கலர் அச்சு அசலா வரணும், என்ன?"

முதலாளி படியிறங்கும்வரை காத்திருந்து செபியா வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, மத்தியானத்துல உனக்கு ஏதாவது வேலை இருக்கா?"

"எதுக்கு?"

"சும்மா, வந்து என் பக்கத்துல உக்காரணும். தினமும்."

"ஏங்க, அப்போ செபியா மேடம்னு என்னைக் கூப்பிடச் சொல்லுங்க" என்றார் மனைவி.