ஒரு நிமிடத்துக்குச் சைபர்

வளரும் நாடுகளில் சிறுவர் கல்வி என்பது சுலோஜனாவின் ஆய்வுத்துறை. அதில் முதல் இரண்டு சொற்களைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் பிறந்த நாளிலிருந்து இந்த நாடு வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது; எந்தப் பக்கமாக வளர்கிறது என்று மட்டும் ஒருவரும் சொல்வதாயில்லை. ஆனாலும் அவளுக்குச் சோறு போடுவது அந்தத் துறைதான். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் விமானம் ஏறி வந்து, உப்புவெளிக் கடற்கரை விடுதிகளில் அறை எடுத்துத் தங்கி, பிள்ளைகளைக் கேள்வி கேட்டுவிட்டுப் போவார்கள். எந்த ஊருக்கு எந்தப் பாதையால் போவது, எந்தத் தாயோடு எப்படிக் கதைப்பது என்பதெல்லாம் சுலோஜனாவின் தலையில். ஆய்வு அவர்களுடையது, அலைச்சல் இவளுடையது.

சாம்பல்தீவுக்கு அங்கால், கடற்கரையோரம் இருக்கும் சின்னப் பள்ளிக்கூடமொன்றில் படித்தவள் அவள். தகப்பன் இராசதுரை கடலுக்குப் போகிறவர். பெட்டைப் பிள்ளையைத் தனியே பஸ் ஏற்றித் திருகோணமலை நகரத்துக்கு அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவர். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே பதினோராம் தரம் வரை இருந்தபடியால் மகள் தப்பினாள். அந்தப் பெறுபேற்றைக் கண்டு தகப்பனே இளகி, உயர்தரத்துக்கு நகரத்துக்கு விட்டார். பிறகு பல்கலைக்கழகம், அதற்குப் பிறகு புலமைப்பரிசிலில் வெளிநாட்டில் முதுமாணிப் படிப்பு என்று ஏறிப் போனாள். முப்பத்தைந்து வயதில் மிச்சமிருந்தது ஒரேயொரு ஆசை, கலாநிதிப் பட்டம். இந்த முறை வந்த ஆய்வு நல்லபடி முடிந்தால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் உண்டு என்று, ஆய்வின் இலங்கைப் பொறுப்பாளர் கலாநிதி சோமசேகரம் வாய்விட்டே சொல்லியிருந்தார். அவருடைய சிபாரிசு இல்லாமல் அது நடக்காது.

தரம் மூன்று பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களை வாசிக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் ஆய்வு. தாளைப் பிள்ளையிடம் கொடுத்ததும் கடிகாரத்தை அழுத்த வேண்டும். சத்தமாக வாசிக்கவும் என்று தாளின் தலையிலேயே அச்சடித்திருக்கிறது. அதற்கு மேல் தாள் கொடுத்தவர் ஒரு சொல் சொன்னாலும் உதவி செய்ததாகிவிடும். எத்தனையோ நாடுகளில் இதே தாள், இதே கடிகாரம், இதே வாய்ப்பூட்டு.

நகரத்துப் பள்ளிக்கூடங்களில் ஒரு குறையும் இல்லை. ரியூசனில் கிழமைக்கொரு பரீட்சை எழுதிப் பழகிய பிள்ளைகள், தாளைக் கண்டதும் மடமடவென்று தொடங்கிவிட்டார்கள். சுலோஜனா படித்த பள்ளிக்கூடத்துக்கு ரஜீவன் என்ற புதுப் பட்டதாரி போனான். அவளும் கூடப் போய்ப் பின்வரிசை வாங்கில் இருந்தாள். முதலில் வந்தவள் கஜந்தி, எட்டு வயது. தாளை இரண்டு கையாலும் வாங்கி மேசையில் வைத்தாள். வணக்கம் சேர் என்றாள். கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றாள். ரஜீவன் கடிகாரத்தைப் பார்த்தான், கஜந்தி ரஜீவனைப் பார்த்தாள். நிமிடம் முடிந்ததும் அவன் சைபர் போட்டான்.

அடுத்த பிள்ளையும் அப்படியே நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. அந்தப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்கள் சொல்லாமல் பிள்ளைகள் கதிரையில் இருக்கவும் கூடாது, வாசிக்கவும் கூடாது. சுலோஜனாவின் காலத்திலும் அப்படித்தான். முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு வாசித்தால் அடிமட்டத்தால் கையில் அடி விழும். அவள் கஜந்தியை வாசலில் மறித்து, ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டாள்.

"அந்த சேர் வாசி எண்டு சொல்லேல்லையே ரீச்சர்."

சரி, இப்போது வாசி என்றாள் சுலோஜனா. பிள்ளை எங்கும் தடக்காமல் கடைசி வரிவரைக்கும் வாசித்துவிட்டு, விளையாட ஓடிவிட்டது.

அன்றைக்கே அவள் சோமசேகரத்திடம் போனாள். திரும்பவும் நடத்துவோம், வாசி என்று ஒரு சொல் சொல்லிவிட்டுக் கடிகாரத்தை அழுத்துவோம் என்று கேட்டாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, எல்லா நாட்டுக்கும் ஒரே அளவுகோல்தான், ஒரு கரையோரத்துக்காக மாற்றினால் மற்ற நாடுகளோடு ஒப்பிட முடியாது என்றார்.

"வேலியிலை போற ஓணானைப் பிடிச்சு மடியிலை விடாதையும் சுலோஜனா," என்றார். "உம்மடை படிப்பை யோசியும்."

யோசித்தாள். யோசித்துக்கொண்டு இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டும் இருந்தாள். தராசு பிழை என்றால் தராசை மாற்ற வேண்டும், மீனையா குறை சொல்வது என்று உள்ளுக்குள் கொதித்தாளே தவிர, வெளியே ஒரு சொல் வரவில்லை. கலாநிதி ஆசை அப்படிப்பட்டது.

முடிவுகள் வந்தபோது கடைசி இடம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு. முடிவு வந்த கையோடு இன்னொரு கதையும் வந்தது. இப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புகளை வைத்திருந்து என்ன பயன், ஆறாம் தரத்திலிருந்து நகரத்துப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடலாம் என்று யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். ஊரில் விசாரித்தால், பெடியங்கள் போவாங்கள், பெட்டையளை ஐந்தோடு மறிக்கத்தான் வேணும் என்று தாய்மார் கூசாமல் சொன்னார்கள். இராசதுரையைப் போல ஒற்றைக் காலில் நிற்கிற தகப்பன்மார் அந்தக் கரையில் இன்னும் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

பெற்றோருக்கு விளக்கம் சொல்லப் பள்ளிக்கூடத்திலேயே கூட்டம் வைத்தார்கள். முடிவெடுக்க வேண்டிய கல்வி அதிகாரியும் வந்தார். அவர் உள்ளே நுழைந்ததும் முன்வரிசையில் இருந்த தரம் மூன்று பிள்ளைகள் எழும்பி, ஒரே குரலில் வணக்கம் சேர் என்று இழுத்தார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கதிரையில் அமர்ந்தார். சோமசேகரம் திரையில் படங்களைக் காட்டத் தொடங்கினார். நெடிய கோடுகள் நகரத்துப் பிள்ளைகள், நிலத்தோடு ஒட்டிக் கிடந்த கோடு இவர்கள். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார்கள். வகுப்பு ரீச்சர் அவர்களை இருத்துவதற்கு எழும்பினார். சுலோஜனா அவருடைய கையைப் பிடித்து மறித்தாள்.

வெக்கையில் பிள்ளைகளின் நெற்றி வேர்த்தது. அதைக் கண்டும் அவள் பொறுத்தாள். பெற்றோருக்கு விளங்கப்படுத்துங்கள் என்று சோமசேகரம் அழைத்தபோது, அவள் பெற்றோரைப் பார்க்காமல் அதிகாரியைப் பார்த்தாள்.

"சேர், நீங்கள் வந்த நேரம் தொட்டு இந்தப் பிள்ளையள் நிக்கினம். இருங்கோ எண்டு நீங்கள் சொல்லேல்லை. சொல்லாமல் இருக்கக் கூடாது எண்டு பழக்கினது நாங்கள்தான். அண்டைக்கும் இப்பிடித்தான் நிண்டவை. வாசி எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அதுக்குத்தான் சைபர் போட்டிருக்கு."

அதிகாரியின் முகம் சிவந்தது. இருங்கள் பிள்ளைகளே என்றார். நன்றி சேர் என்று சொல்லிவிட்டு எல்லோரும் இருந்தார்கள். அவர் கஜந்தியை மட்டும் எழுப்பி, திரையில் படத்துக்குக் கீழே இருந்த வரியைக் காட்டி, வாசி பிள்ளை என்றார்.

கஜந்தி கணீரென்று வாசித்தாள்: "இப்பாடசாலையின் தரம் மூன்று மாணவர்களில் பெரும்பான்மையானோருக்கு வாசிக்கத் தெரியாது."

நீளமான சொல்லில் மட்டும் ஒரு கணம் நின்று, கூட்டிப் பார்த்து, சரியாகச் சொன்னாள். பிறகு தான் வாசித்தது சரியா என்று அதிகாரியின் முகத்தைப் பார்த்தாள். தாய்மாரில் ஒருத்தி முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு அழுதாள். மேல்வகுப்புகள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று அதிகாரி அங்கேயே சொல்லிவிட்டார்.

வாகனத்தடியில் சோமசேகரம் காத்துக்கொண்டு நின்றார். கோபப்படவில்லை. ரஜீவன் சோதனையை ஒழுங்காக நடத்தவில்லை என்று அவள் எழுதித் தந்தால், இந்தப் பள்ளிக்கூடத்தின் புள்ளிகளை நீக்கிவிடலாம், அவளுடைய சிபாரிசுக்கும் பங்கம் வராது என்றார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத ரஜீவனைத் தவிர அவருக்கு வேறு யார் அகப்படுவார்கள்?

"அவன் உங்கடை சட்டத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தவன், சேர்," என்றாள் சுலோஜனா. "பிழை எண்டு எழுதுறதெண்டால், சட்டம் பிழை எண்டு எழுதுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்."

அவர் எழுதவில்லை. சிபாரிசும் வரவில்லை. ஆய்வுக்கட்டுரை வெளிநாட்டில் வெளிவந்து, நல்ல பெயரும் எடுத்திருக்கிறது. கஜந்தி இப்போது தரம் ஐந்து. அடுத்த வருடம் அதே பள்ளிக்கூடத்தில் ஆறாம் தரத்துக்குப் போவாள். உலகத்தைப் பொறுத்தமட்டில் அவளுக்கு இன்னும் ஒரு சொல்கூட வாசிக்கத் தெரியாது. படித்தவர்களில் ஒருவருக்கும் அந்தச் சைபரை அழிக்க மனம் வரவில்லை.