மாதாவுக்குச் சொன்ன மொட்டை

போன மாதம் ஒரு வியாழக்கிழமை நானும் என் மகள் பவித்ராவும் கல்வராயன் மலைக்குப் போய்வந்தோம். இந்த வலைப்பூவைப் படிப்பவர்களுக்கு மலை புதிதல்ல. பெரியார் அருவிக்கு எப்போது போகலாம், கரியாலூரில் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்றெல்லாம் முன்பே எழுதியிருக்கிறேன். இந்த முறை அருவிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்கப் போனோம். நாங்கள் இந்துக்கள். சங்கராபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறோம்.

கேள்வி இதுதான். பவித்ராவுக்குப் பதினோரு வயதில் டெங்கு வந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. பக்கத்துப் படுக்கையில் மலையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த ஒரு பெண், தலையணைக்கு அடியில் மாதா படம் வைத்திருந்தாள். "எங்க ஊரு மாதாகிட்ட கேளுக்கா, கைவுட மாட்டாங்க" என்றாள். எங்கள் சாமிகளிடமெல்லாம் நான் ஏற்கெனவே கேட்டு முடித்திருந்தேன். அந்தப் படத்தைப் பார்த்து, இவளைப் பிழைக்க வை, கூட்டி வந்து மொட்டை போடுகிறேன் என்று சொன்னேன். பிழைத்தாள்.

அந்த வருஷம் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நடனம் என்று தள்ளினோம். அடுத்த வருஷம் பெரியவளாகிவிட்டாள். பிறகு பத்தாவது, பன்னிரண்டாவது, நர்சிங். இப்போது பெங்களூருவில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்து, திங்கட்கிழமை சேர வேண்டும் என்று வந்ததும் எனக்கு அந்த மொட்டை ஞாபகம் வந்துவிட்டது. பிழைக்க வைத்த சாமி, சொன்னதைச் செய்யாமல் இவளை ஊர் தாண்ட விடுமா?

மொட்டை போட்டுக்கொள்ளச் சொன்னேன். வீட்டில் ஒரே சண்டை. "சேர்ற அன்னிக்கு மொட்டத் தலையோட போயி நிக்கணுமா? ஐடி கார்டுக்கு போட்டோ வேற எடுப்பாங்க. வேண்டிக்கினது நீ, மாட்டிக்கினு முழிக்கிறது நானா?" என்றாள். பிறகு அவளே இறங்கிவந்து, பூமுடி கொடுக்கிறேன் என்றாள். நுனியில் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தால் போதுமாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மொட்டை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு மூன்று விரல்கடை முடியைக் கொண்டுபோய் நீட்டினால் அது ஏமாற்று வேலை இல்லையா?

எங்கள் குலசாமி கோயில் பூசாரியிடம் கேட்டேன். "நம்ம சாமின்னா பூ போட்டுப் பாத்து சொல்லிருவேன். இது வேற டிபார்ட்மெண்ட். அங்க வேண்டிக்கினத அங்கதான் கேக்கணும்" என்று கையை விரித்துவிட்டார். சரி, அங்கேயே கேட்போம் என்று கிளம்பினோம். ஃபாதர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வதாக இருவரும் ஒப்பந்தம்.

சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சி இருபது கிலோமீட்டருக்குள்தான். காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்தோம். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இட்லி சாப்பிட்டு (இரண்டு பேருக்கு எண்பது ரூபாய், சாம்பார் சுமார்), ஏழே முக்காலுக்கு மலை பஸ். நாங்கள் போன பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எல்லா பஸ்ஸும் அப்படி இல்லை, ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். கச்சிராயபாளையம் தாண்டி அணை தெரிந்ததும் ஏற்றம் தொடங்கும். வளைவுகளில் வயிறு புரட்டுபவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள். நான் பின்னால் உட்கார்ந்துவிட்டு இட்லியை நினைத்து வருந்தினேன். பவித்ரா ஜன்னல் பக்கம் திரும்பியவள் கரியாலூர் வரை என்னோடு பேசவில்லை.

கண்டக்டரிடம் மாதா கோயிலுக்கு எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டேன். "கெபி இருக்குதே, அதுவா? கரியாலூர்ல இறங்கி ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும். ஃபாதரப் பாக்கவா? ஞாயித்துக்கிழம மட்டும் போவாதீங்க, அவரு ஊர் ஊரா பூச வச்சிக்கினு சுத்துவாரு" என்றார். மாதா சிலைக்குக் குகை மாதிரி கட்டியிருப்பதைத்தான் கெபி என்கிறார்கள். பத்து மணிக்கு முன்னால் இறங்கிவிட்டோம். நடக்கிற பாதையில் மரவள்ளிக் காடு, நல்ல காற்று. பேசாமல் நடப்பதற்கு இரண்டு கிலோமீட்டர் ரொம்ப ஜாஸ்தி.

கோயில் சின்னது. பக்கத்தில் கெபி, பின்னால் ஃபாதர் தங்கும் அறை. தேங்காய், பழம், பூ என்று பையில் கொண்டுபோயிருந்தேன். அங்கே சமையல் செய்கிற அக்கா பார்த்துவிட்டு, "தேங்கா ஒடைக்கறதுலாம் இங்க இல்லிங்க. பூவ மட்டும் மாதாவுக்கு வைங்க, பழத்த உள்ள குடுத்துருங்க" என்றார். ஃபாதரை எப்படிக் கூப்பிடுவது என்று மெதுவாகக் கேட்டேன். "நாங்க சாமின்னுதான் சொல்லுவோம்" என்றார். எனக்குப் பாதி கூச்சம் அப்போதே போயிற்று.

ஃபாதருக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். செஞ்சிப் பக்கத்துக்காரர். மலைக்குள் ஒரு வீட்டில் நோயாளியைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தவர், பைக் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். பவித்ரா உள்ளே வர மாட்டேன் என்று வெளியே கட்டைச் சுவரில் உட்கார்ந்துகொண்டாள். என்ன மதம், என்ன ஊர் என்று அவர் கேட்கவே இல்லை. நான் எல்லாவற்றையும் கொட்டினேன். நடுவில் அழுதும்விட்டேன். முன்பின் தெரியாதவர் முன்னால் அழுவது எனக்குப் பழக்கமில்லை.

"நீங்கதான் சாமி இதத் தள்ளுபடி பண்ணணும்" என்று முடித்தேன்.

"எங்க ஆளா இருந்தா நேர்ச்சைய, அதான் வேண்டுதல, மாத்திக் குடுக்க எனக்கு வழி இருக்குதுங்க. உங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனா எங்க ஆளா இருந்தாலும் இதத்தான் மொதல்ல சொல்லுவேன். ஒருத்தர் வேண்டிக்கினது இன்னொருத்தரக் கட்டுப்படுத்தாது. முடி பாப்பாவோடது. அதக் குடுக்கறேன்னு நீங்க எப்டி சொல்ல முடியும்?"

எனக்குச் சுருக்கென்றது. "பதினோரு வயசுப் புள்ள சாமி. அவ உசுரே என் கையில இருந்துச்சி, முடி மட்டும் அவளோடதா? உங்களுக்குப் புள்ளைங்க இல்ல, அதான் லேசா சொல்லிட்டீங்க" என்றேன். சொன்ன பிறகுதான் யாரிடம் பேசுகிறேன் என்று உறைத்தது. அவர் கோபப்படவில்லை. "அது நெசந்தான்" என்றார்.

பிறகு, "மாதாவும் ஒரு அம்மாதானங்க. மொட்ட போடலன்னு புள்ளைய எதுனா பண்ணுவாங்களா? நீங்க பண்ணுவீங்களா?" என்று கேட்டார்.

"நான் பண்ண மாட்டேன். சாமிங்க பண்ணும்" என்றேன். எங்கள் ஊர்ச் சாமிகளை எனக்குத் தெரியும்.

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நாற்காலியை முன்னால் நகர்த்தி, "சரி, ஒண்ணு செய்வோம். அந்த வேண்டுதல என்கிட்ட வுட்டுட்டுப் போங்க. இனிமே அது என்னோடது. எதுனா கேக்கறதுன்னா மாதா என்னைக் கேக்கட்டும். உங்க மேலயும் பாப்பா மேலயும் ஒண்ணும் இல்ல. நிம்மதியா ஊருக்கு அனுப்பி வைங்க" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இதைக் கேட்கத்தானே அத்தனை வளைவு ஏறி வந்தேன்? சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்போது பார்த்து மேசைமேல் கிடந்த பைக் சாவிதான் கண்ணில் பட்டது. இந்த மனிதர் தினமும் இந்த மலை வளைவுகளில் பைக் ஓட்டுகிறவர். நாளைக்கு இவருக்கு ஏதாவது ஒன்று ஆனால்? சொன்னது என் வாய். அதை முதலில் பெற்ற பிள்ளை தலையில் கட்டினேன். இப்போது யார் பெற்ற பிள்ளையோ, அவர் தலையில் கட்டிவிட்டுப் பஸ் ஏறப் பார்க்கிறேன். வெட்கமாக இருந்தது.

"வேணாம் சாமி. நானே மொட்ட போட்டுக்கறேன்" என்றேன்.

"அவசியம் இல்லிங்க. போடலன்னாலும் ஒண்ணும் ஆவாது. நான் அதுக்காகச் சொல்லல."

"தெரியும் சாமி" என்றேன். தெரியாது. ஆனாலும் அப்படித்தான் சொன்னேன். அவர் பைக் சாவியை எடுத்துக்கொண்டு, "பயத்துல போடாதீங்க. புள்ள பொழைச்சிதே, அந்த சந்தோஷத்துல போடுங்க" என்று சொல்லிக் கிளம்பினார்.

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னதும் பவித்ரா சுவரிலிருந்து குதித்து இறங்கினாள். "லூசாம்மா நீ? அவரே வேணான்னுட்டாரு இல்ல?" என்று கத்தினாள். "நானே போட்டுக்கறேன், விக்கு வச்சிக்கறேன்" என்று அழ ஆரம்பித்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மறுமுனையில் ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னா வேணா பண்ணு. மதியம் கடைக்கு ஆளு இல்ல, சீக்கிரம் வா" என்றார்.

திருவிழாவுக்கு மட்டும்தான் கோயிலில் முடி இறக்க ஆள் வருமாம். அதனால் மறுபடி கரியாலூருக்கு நடந்து, ரோட்டோரத்து சலூனில் நுழைந்தோம். இரண்டு ஆண்கள் காத்திருந்தார்கள். கடைக்காரர் திடுக்கிட்டு, "பொம்பளைங்களுக்கு நான் வெட்டறதில்லிங்க" என்றார். மாதாவுக்கு மொட்டை என்றதும் முகம் மாறிவிட்டது. அந்த இரண்டு பேரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, கத்தியில் புது பிளேடு மாட்டினார். "கண்ணாடியப் பாக்காதீங்கக்கா, பாதியில எழுந்துக்கப் போறீங்க" என்றார். நான் பார்க்கவில்லை. விழுந்த முடியையெல்லாம் பவித்ராதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பொறுக்கி மஞ்சள் பையில் போட்டாள். அடிப்பக்கமெல்லாம் நரை. இத்தனை நாள் டை அடித்து அடித்து எனக்கே மறந்துபோயிருந்தது.

திரும்பக் கெபிக்கு வந்தபோது ஃபாதர் போய்விட்டிருந்தார். முடியை அங்கே வைத்துவிட்டு, "தலைதான் மாறிப்போச்சு, கோச்சிக்காத" என்று மாதாவிடம் சொன்னேன். சமையல் அக்கா சந்தனம் குழைத்துக் கொடுத்தார். பவித்ரா அதை என் தலையில் பூசிவிட்டாள். "சில்லுனு இருக்குதாம்மா?" என்றாள். காலையிலிருந்து அவள் கோபமில்லாமல் பேசிய முதல் வார்த்தை அதுதான். நன்றாக இருந்தது. சந்தனமும்தான்.

எங்களைப் போல வெளியிலிருந்து ஃபாதரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: வார நாளில் காலை பத்து மணி வாக்கில் போங்கள். முன்கூட்டியே யாரிடமாவது சொல்லி வைத்தால் நல்லது, மலைக்குள் போய்விட்டால் சாயங்காலம்தான் திரும்புவார்கள். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் அவர்கள் ஆட்களுக்கு மட்டும். மனசில் இருப்பதைப் பேசுவதற்கு அப்படித் தடை இல்லை, தைரியமாகப் பேசலாம். பூசை நேரமாக இருந்தால் பின்னால் உட்காருங்கள். எல்லாரும் வரிசையில் போய், நன்மை என்கிற சின்ன அப்பத்தை வாங்குவார்கள். பிரசாதம் என்று நினைத்து நீங்களும் கையை நீட்டிவிடாதீர்கள். காணிக்கை கேட்க மாட்டார்கள். திரும்புவதற்கு மாலை வரை பஸ் இருக்கிறது. கரியாலூரில் மதியச் சாப்பாடு ஒரு மணிக்குமேல் தீர்ந்துவிடும், நாங்கள் பன்னும் டீயும்தான். மொட்டை அடித்தால் துண்டு எடுத்துப் போங்கள். மலைக்காற்று காதை அடைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை கள்ளக்குறிச்சியில் அவளைப் பெங்களூரு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பயம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. அந்த வேண்டுதல் முடிந்ததும் பயம் வேறு சாக்கு தேடிக்கொண்டது. அத்தனை பெரிய ஊர், இரவுப் பணி, தனி அறை. பஸ் நகர்ந்ததும், இவள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் இன்னது செய்கிறேன் என்று என் வாய் தானாகவே முணுமுணுக்க ஆரம்பித்தது. எந்தச் சாமியிடம் என்றுகூட நான் இன்னும் முடிவு செய்யவில்லை. சட்டென்று வாயை மூடிக்கொண்டு, அவளைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினேன்.