உதட்டு வெடிப்புக்கு ஊதா மருந்து

1. கையில் இருந்ததைப் போட்டேன்

கம்பவுண்டர் வேலையில் சேர்ந்த ஆறாவது மாதம், ஒரே ஒரு சொல்லைக் கத்தி ஒரு ஊரையே வெட்டுக்குத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். நண்பர்கள்கூட என்னை வீரன் என்று சொன்னதில்லை. பயத்தில் செய்த காரியம்தான் அது. இப்போது மருந்து கட்டுகிற வேலைக்கு வருகிற தம்பி, தங்கச்சிகள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். சிரிக்கலாம். நானும் சிரிக்கிறேன், ஆனால் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

நன்னிலம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். எனக்கு இருபத்து மூன்று வயது. தை மாத சம்பா அறுப்பு. விடியலில் பனி, பத்து மணிக்கு மேல் வறண்ட காற்று, போதாததற்குத் தோலில் குத்தி அரிக்கிற கதிர்ச் சுணை. அறுப்புக்குப் போகிற பெண்களின் உதடு முழுக்க பிளந்து கிடக்கும். வீட்டில் சமைத்து, பிள்ளைக்குப் பால் கொடுத்து, ஆறு மணிக்கு வயலுக்கு ஓடுகிறவர்களுக்கு உதட்டைக் கவனிக்க ஏது நேரம்? போகிற வழியில் மருந்து ஜன்னலில் ஒரு நிமிடம் நிற்பார்கள். அவ்வளவுதான்.

அன்று முதலில் நின்றவள் அஞ்சலை. இடுப்பில் எட்டு மாதப் பிள்ளை.

"கம்பவுண்டர் சார், உதடு வெடிச்சி ரத்தம் கசியிது. மொளவா பட்டா உசுரு போவுது. வாயத் தொறந்து புள்ளையக் கொஞ்சக்கூட முடியல. ஏதாச்சும் தடவி உடுங்க, சீக்கிரம்."

அவளுக்குப் பின்னால் பதினைந்து பேர். எல்லோருக்கும் அதே உதடு.

டாக்டரம்மா இரண்டு நாளாகத் திருவாரூர் மீட்டிங்கில். ஆயிண்ட்மெண்ட் டப்பாவை ஸ்பேட்டுலாவால் சுரண்டினேன். தகரம்தான் சத்தம் போட்டது. ஸ்டாக்கில் நிறைய இருந்தது ஒன்றே ஒன்று: ஜென்ஷியன் வயலெட். ஊதா நிற மருந்து, ஜி.வி. என்போம். குழந்தைகளுக்கு வாய்ப்புண் வந்தால் பஞ்சில் தொட்டுத் தடவுவது. என் மூளை ஒரு கணக்குப் போட்டது. வாய்க்கு உள்ளே தடவலாம் என்றால் வாய்க்கு வெளியே தடவக்கூடாதா? உதடு காயாமல் இருக்க அதில் தாராளமாகக் கிளிசரினும் கலந்தேன். அதாவது, மருந்தும் காயாது. அது அப்போது தோன்றவில்லை.

பதினாறு பேருக்கும் தடவினேன்.

"என்னா சார் இது, நாவப்பழம் தின்னாப்புல இருக்கு. எங்க வீட்டுக்காரரு பயந்துற மாட்டாரு?" என்றாள் அஞ்சலை, பக்கத்துக்காரியின் வாயைப் பார்த்து.

"ஒரு நாளாவது பயப்படட்டுமே" என்றேன்.

அந்த நகைச்சுவைக்கு அன்று பத்தரை மணிக்குப் பலன் கிடைத்தது.

2. இது எந்தக் கட்சிக் கலர்?

ஊர் அப்போது நெருப்பின் மேல் இருந்தது. நில உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகு மிராசுதார்கள் பினாமி பேரில் நிலத்தை மாற்றுகிறார்கள் என்று ஒரு பேச்சு. அறுப்புக் கூலியைக் கூட்டிக் கேட்டுச் சங்கம் ஒரு பக்கம். முடியாது, வெளியூர் ஆட்களை இறக்குவோம் என்று மிராசு ஒரு பக்கம். நான்கு நாளாகக் கதிர் முற்றிப்போய் வயலிலேயே நின்றது. ஆட்கள் தினமும் அறுவாளோடு வரப்பில் வந்து உட்கார்வார்கள், அறுக்க மாட்டார்கள், வேறு யாரையும் அறுக்க விடவும் மாட்டார்கள்.

பத்து மணிக்கு மிராசுதாரின் காரியஸ்தர் சாமிநாதன் சைக்கிளில் வந்து ஜன்னலில் இடித்து நின்றார்.

"ஏம்ப்பா, நீ கவர்மெண்ட் ஆளுதானே? ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லு. பொம்பளைங்க அத்தினி பேரும் ஒரே கலர்ல வாய வச்சிக்கிட்டு வரிசையா நிக்கிது. இது எந்தக் கட்சிக் கலர்? புதுசா எதும் ஆரம்பிச்சிருக்கானுவளா?"

"கட்சி இல்லீங்க. மருந்து."

"பதினாறு பேருக்கு ஒரே நாள்ல ஒரே நோவா? நீயே வந்து பாத்துச் சொல்லு. எங்க மொதலாளி போலீசுக்கு ஆள் அனுப்பிட்டாரு."

போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் ஜன்னலை இழுத்துச் சாத்தினேன். பூட்டைக்கூடச் சரியாகப் போடாமல் அவர் சைக்கிளின் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

வயலில் ஒரு வரப்பில் சங்கத்து ஆட்கள், நடுவில் தலைவர் வீரையன். எதிர் வரப்பில் மிராசின் ஆட்கள். ஓரத்தில் ஒரு பூவரச மரம், அதில் அஞ்சலையின் பிள்ளைக்குச் சேலைத் தொட்டில். தொட்டிலுக்குக் கீழே குடி தண்ணீர்ப் பானை. மிராசுதாரின் பம்புசெட்டில் பிடித்த தண்ணீர். நான்கு நாள் மறுத்துவிட்டு, அன்று காலைதான் காரியஸ்தர் பிடிக்க விட்டிருந்தார்.

மரத்தைத் தாண்டும்போது தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தேன்.

பிள்ளை அசையாமல் கிடந்தது. உதடு நீலம். முகவாய் நீலம். விரல் நுனிகள் நீலம்.

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: உதடும் விரல் நுனியும் நீலமானால் உயிருக்கு ஆபத்து. அந்த ஒரு வரி மட்டும் தலைக்குள் மணி அடித்தது. காலையில் ஊதா மருந்து தடவியது யார் என்ற விஷயம் வேறு யாருடைய வாழ்க்கையிலோ நடந்தது போலிருந்தது. பானையைப் பார்த்தேன். பிள்ளையைப் பார்த்தேன். கத்தினேன்.

"விஷம்."

அவ்வளவுதான் சொன்னேன். மீதியை ஊர் சொல்லிக்கொண்டது.

"பம்புசெட்டுத் தண்ணியில கலந்துட்டானுவடா" என்று எவனோ ஒருவன். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். அறுவாள்கள் எழுந்தன. எதிர் வரப்பில் கம்புகள் எழுந்தன. வீரையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரியஸ்தரை நோக்கி வந்தார். சாமிநாதனின் முகம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்தது. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அவர் ஒளிய இடம் தேடி வந்தது என் முதுகுக்குப் பின்னால். நான் ஒளிய அவர் முதுகைத் தேடிக்கொண்டிருந்தேன். இருவரும் ஒரு சுற்றுச் சுற்றினோம்.

அதற்குள் அஞ்சலை ஓடிவந்து பிள்ளையை வாரி எடுத்தாள். தூக்கம் கலைந்த பிள்ளை வீறிட்டது. அப்படியொரு அழுகை. முகம் ரத்தச் சிவப்பானது. உயிர் போகிற பிள்ளைக்கு அவ்வளவு மூச்சு எங்கிருந்து வரும் என்று எனக்கு அப்போதுதான் லேசாக உறைத்தது. அஞ்சலை அழுதுகொண்டே அதன் நெற்றியில் முத்தமிட்டாள்.

அவள் வாயை எடுத்த இடத்தில், ரப்பர் ஸ்டாம்பு குத்தியது போல, இரண்டு ஊதா உதடுகள்.

என் வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதே ஊதா. காலையில் வயலுக்கு வரும் வழியெல்லாம் பிள்ளையைக் கொஞ்சியிருக்கிறாள். பிள்ளை அவள் வாயைப் பிடித்து இழுத்திருக்கிறது. அந்த விரலைச் சப்பியிருக்கிறது.

இளைஞர்களே, இந்த இடத்தில் நான் யோசித்ததை மறைக்க மாட்டேன். வாயை மூடிக்கொண்டு ஓடிவிடலாமா என்று யோசித்தேன். உண்மையைச் சொன்னால் வேலை போகும். டாக்டரைக் கேட்காமல் மருந்து போட்டதற்கு மெமோ வரும். ஆனால் வீரையனுக்கும் சாமிநாதனுக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை.

கையைத் தூக்கிக்கொண்டு நடுவில் போய் விழுந்தேன். நின்றேன் என்று எழுத ஆசை. கால் வரப்பில் தடுக்கி விழுந்துதான் போனேன்.

"விஷம் இல்லீங்க. நான்தான். என் மருந்துங்க."

"இப்பத்தானய்யா விஷம்னு கத்துன?" என்றார் வீரையன்.

"பயத்துல கத்திட்டேங்க. பாருங்க, என் கையும் நீலமா இருக்கு. நான் செத்தா போயிட்டேன்?"

"அது இன்னும் முடிவாவல" என்றார் அவர், அறுவாளை இறக்காமல்.

நான் கைக்குட்டையை எண்ணெயில் நனைக்கச் சொன்னேன். ஒரு பெண் தன் தலைமுடியில் தேய்த்துக் கொடுத்தாள். அதைக் கொண்டு, இன்னும் காயாத மருந்தைப் பிள்ளையின் உதட்டிலிருந்து துடைத்தேன். கீழே ரோஜா நிறத்தில் நல்ல உதடு. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அறுவாள்கள் மெல்ல இறங்கின.

அஞ்சலை மட்டும் என்னையே பார்த்தாள்.

"ஏன் சார், தாய் உதட்டுல தடவுனது புள்ள வாயிக்குத்தான் போவும். பெத்தவ எல்லாருக்கும் தெரிஞ்ச கத. படிச்ச ஒங்களுக்குத் தெரியாதா?"

நான் பிள்ளையின் விரல்களைத் துடைக்க ஆரம்பித்தேன்.

என் ஊதா மருந்தால் ஊரில் சமாதானம் வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். கூலித் தகராறு பல நாள் இழுத்து, தாசில்தார் முன்னால் பேசித்தான் முடிந்தது. அன்று வெட்டு விழவில்லை, அவ்வளவுதான்.

3. வாழைச்சருகு ஆயிண்ட்மெண்ட்

மறுநாள் டாக்டரம்மா வந்தார். மெமோவை எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு, என் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"ஜி.வி. ஈரப் புண்ணைக் காய வைக்கிற மருந்து. அதக் கொண்டுபோயி காஞ்சு வெடிச்ச உதட்டுல போட்டிருக்கீங்க. நல்லவேளை, கண்ணு வலின்னு யாரும் வரல."

பிறகு இருவருமாக ஒன்று செய்தோம். ஒரு பங்கு தேன்மெழுகு, நாலு பங்கு தேங்காயெண்ணெய். கொதிக்கிற தண்ணீருக்குள் பாத்திரத்தை வைத்து உருக்கி, ஆற வைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து வாழைச்சருகில் மடித்துக் கட்டினோம். இடுப்பில் செருகிக்கொள்ளலாம். பிள்ளை வாயில் பட்டாலும் பயமில்லை.

நான் வழக்கம்போல "ஒரு நாளைக்கு மூணு வேளை" என்று சொல்லி நீட்டினேன்.

"மூணு வேளை நாங்க சோறே திங்கிறதில்ல" என்றாள் அஞ்சலை.

"சரி, உக்காரும்போது தடவு."

"புள்ளைக்குப் பால் குடுக்கத்தான் உக்கார்றோம்."

அதுவே எங்கள் மருந்துச் சீட்டானது. பிள்ளையை மடியில் போடும்போது ஒரு சொம்புத் தண்ணீர் குடி, உதட்டில் ஒரு தடவு தடவு. அதோடு இன்னும் சில சொன்னோம்: நாக்கால் நக்காதே, நக்க நக்கக் காயும். தோலை உரிக்காதே. வெற்றிலை போட்டால் சுண்ணாம்பை உதட்டில் படவிடாதே. அறுக்கும்போது முந்தானையை மூக்குக்குக் கீழே சுற்றிக்கொள். படுக்கப்போகும் முன் இன்னொரு தடவு. வாயின் ஓரம் வெடித்து ஆறவே இல்லையென்றால் அது காற்றின் வேலை இல்லை, சத்துக் குறைவாக இருக்கலாம், டாக்டரைப் பார். பத்து நாளில் பெரும்பாலான உதடுகள் கூடிவிட்டன.

இந்த வேலையில் நான் கற்றது ஒன்றுதான். தாய்க்குக் கொடுக்கிற மருந்தை இரண்டு பேருக்குக் கொடுக்கிறோம். கொடுக்கும் முன், இது அடுத்து எங்கே போகும் என்று கேளுங்கள். கேட்க மறந்தால், குறைந்தபட்சம் கத்தாமலாவது இருங்கள்.

அந்த ஊரில் நான் இருந்த ஒன்பது வருடமும் தை பிறந்தால் அஞ்சலை ஜன்னலுக்கு வருவாள். சருகுப் பொட்டலத்தை நீட்டினால் வாங்க மாட்டாள்.

"புள்ள தின்னா ஒண்ணும் ஆவாதுல்ல?"

நான் பொட்டலத்தைப் பிரித்து, விரலில் கொஞ்சம் வழித்து, அவள் எதிரிலேயே நக்கி விழுங்குவேன். அவள் உடனே கை நீட்டுவதில்லை. வரிசையில் இருக்கிற அத்தனை பேரும், நான் விழுகிறேனா என்று கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் வாங்குவார்கள்.